காகிதக் கட்டுக்குள் கிடந்த கணித மேதை
(தாமஸ் ஹாரியட் – வாழ்வும் பணியும்)

இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு



ஆண்டு மலர் என்றால் அதில் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு கட்டாயம் இருக்கும். நியூட்டன், எடிசன், ராமானுஜன், சர் சி.வி.ராமன் என்று பலரைப் பற்றியும் படித்திருப்போம். இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்டிருப்பவர் இங்கிலாந்து நாட்டின் தாமஸ் ஹாரியட். கணித வரலாறு படிப்பவர்களிடம் கேட்டால் மரியாதையோடு சொல்லும் பெயர் இது. நமக்கும் அவர் அந்நியர் அல்ல. பெரிது, சிறிது என்று காட்ட நாம் போடுகிற > < குறிகள் முதன்முதலாக அச்சில் ஏறியது 1631ஆம் ஆண்டு அவர் பெயரில் வந்த புத்தகத்தில்தான். அதைவிட முக்கியம், இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தி விடை காண்கிறோமே, அந்த முறைக்குப் பின்னால் இருக்கிற கருத்தை முழுமையாகக் கட்டிக் காட்டியவர்களில் முதல்வர் இவர்.

அப்படிப்பட்டவர் தன் கணிதத்தில் ஒரு பக்கத்தைக்கூட உயிரோடு இருந்தபோது அச்சில் பார்க்கவில்லை. ஏன்? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எளிய வீட்டுப் பிள்ளை

ஹாரியட் 1560ஆம் ஆண்டு வாக்கில் ஆக்ஸ்போர்டு பகுதியில் பிறந்தார். தாய், தந்தை பற்றி அதிக விவரம் கிடையாது. 1577 டிசம்பரில், 17 வயதில், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் செயின்ட் மேரி ஹாலில் சேர்ந்தார். சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பனாரின் தகுதியையும் எழுதுவது அந்தக் காலத்து வழக்கம். பிரபு மகன், கனவான் மகன், பாதிரியார் மகன் என்று எழுதுவார்கள். ஹாரியட்டின் பெயருக்கு நேரே சாதாரணக் குடிமகனின் பிள்ளை என்றுதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் இந்த ஒரு வரியைக் கடந்து போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

1580இல் பட்டம் பெற்று லண்டன் வந்தார். அப்போது அரசி எலிசபெத்தின் அரண்மனையில் செல்வாக்காக இருந்தவர் சர் வால்டர் ராலே. அமெரிக்கக் கரைக்குக் கப்பல் அனுப்பத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த அவருக்கு, மாலுமிகளுக்குக் கணக்கு சொல்லித்தர ஆள் தேவைப்பட்டது. சூரியனையும் துருவ நட்சத்திரத்தையும் அளந்து, கப்பல் எந்த அட்சரேகையில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது அன்றைக்கு உயிர் காக்கும் வேலை. அளவு பிசகினால் கப்பல் பாறையில் போய் மோதும். அந்த வேலைக்கு ஹாரியட் அமர்ந்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, இவருடைய கணக்கு நடுக்கடலில் உதவிய கணக்கு.

கடல் கடந்த பயணம்

1584இல் அமெரிக்கக் கரையிலிருந்து மான்டியோ, வான்சிஸ் என்ற இரண்டு பூர்வகுடி மனிதர்கள் இங்கிலாந்துக்கு அழைத்து வரப்பட்டார்கள். ஹாரியட் அவர்களிடம் அவர்களுடைய மொழியைக் கற்றுக்கொண்டார். அந்த ஒலிகளை எழுத ஆங்கில எழுத்து போதவில்லை. 36 எழுத்துகள் கொண்ட புதிய வரிவடிவம் ஒன்றை அவரே உருவாக்கினார். அந்த நாளில் ஐரோப்பியர் ஒருவர் பூர்வகுடிகளிடம் மாணவனாக உட்கார்ந்தார் என்பது சின்ன விஷயம் இல்லை.

1585இல் ரோனோக் தீவுக்குப் போன கப்பலில் அவரும் ஏறினார். இன்றைய வட கரோலினா மாநிலத்துக் கடற்கரை அது. ஏறத்தாழ ஓராண்டு தங்கி, ஜான் வைட் என்ற ஓவியருடன் சேர்ந்து நிலம், செடிகொடி, மீன், மக்கள் எல்லாவற்றையும் அளந்து எழுதினார். சோளம் எப்படிப் பயிரிடுகிறார்கள், மரத்தை எரித்துக் குடைந்து படகு எப்படிச் செய்கிறார்கள் என்பது வரை குறித்தார். ஆங்கிலேயர்கள் போய்வந்த கிராமங்களில் சில நாட்களிலேயே பலர் நோயில் செத்ததையும், தங்கள் ஆட்களில் சிலர் கடுமையாக நடந்துகொண்டதையும்கூட எழுதிவைத்தார்.

1586இல் சாப்பாட்டுக்கு வழியில்லாமல், சண்டையும் வந்து, குடியேறியவர்கள் எல்லாரும் பிரான்சிஸ் டிரேக்கின் கப்பல்களில் ஊர் திரும்ப முடிவு செய்தார்கள். புயல் நேரம். மூட்டை முடிச்சுகளைச் சுமந்து வந்த படகுகள் தரை தட்டின. மாலுமிகள் பாரத்தைக் குறைக்கக் கையில் கிடைத்ததைத் தூக்கிக் கடலில் வீசினார்கள். அதில் போனவை வரைபடங்கள், புத்தகங்கள், எழுதிய தாள்கள்! ஓராண்டு உழைப்பின் பெரும்பகுதி தண்ணீரோடு போயிற்று. மீதியை வைத்து 1588இல் ஒரு சிறிய நூல் வெளியிட்டார். அவர் வாழ்நாளில் அச்சான ஒரே நூல் அதுதான். 1590இல் ஜான் வைட்டின் ஓவியங்களோடு நான்கு மொழிகளில் வெளியாகி, ஐரோப்பா முழுக்கப் பரவியது.

இரண்டு புரவலர்கள், இரண்டு கைதிகள்

அடுத்து அவருக்கு ஆதரவு தந்தவர் நார்தம்பர்லாந்து பிரபு ஹென்றி பெர்சி. விஞ்ஞானத்தில் மிகுந்த ஆசை கொண்டவர். ஆண்டுதோறும் உதவித்தொகை கொடுத்து, லண்டனுக்கு அருகே தன்னுடைய சயான் மாளிகை எல்லையிலேயே வீடும் கொடுத்தார். சாப்பாட்டுக் கவலை இல்லை, பாடம் நடத்தும் கட்டாயம் இல்லை. இப்படி ஒரு இடம் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் காலம் சும்மா விடவில்லை. 1603இல் புதிய அரசர் ஜேம்ஸ் வந்தவுடன் ராலே ராஜத்துரோகக் குற்றத்தில் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார். ராலேயைச் சுற்றி இருந்தவர்கள் நாத்திகர்கள் என்று ஊரில் ஏற்கெனவே பேச்சு. அதில் ஹாரியட்டின் பெயரும் அடிபட்டது. 1605 நவம்பரில் நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கும் சதி அம்பலமானது. சதிகாரர்களில் ஒருவர் நார்தம்பர்லாந்து பிரபுவின் உறவினர். முந்தின நாள்தான் அவர் சயான் மாளிகையில் பிரபுவோடு சாப்பிட்டுப் போயிருந்தார். போதாதா? பிரபுவும் சிறைக்குப் போனார். ஹாரியட்டையும் பிடித்து அடைத்தார்கள். அரசரின் ஜாதகத்தைக் கணித்தாரா என்று விசாரித்தார்கள். குற்றம் எதுவும் நிரூபணமாகாமல் வெளியே வந்தார்.

இதற்கப்புறம் ஒரு மனிதர் எதை நம்பிப் புத்தகம் போடுவார்? புதுக் கருத்து எதைச் சொன்னாலும் தலைக்கு ஆபத்து. அவர் வாயை மூடிக்கொண்டார். பேனாவை மட்டும் மூடவில்லை. அடுத்த 16 ஆண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார். எல்லாம் கட்டுக்கட்டாகத் தாள்கள்.

பூட்டிப் பார்த்துப் பிரித்தவர்

இப்போது நம்ம கணக்குக்கு வருவோம்.

இருபடிச் சமன்பாடு உலகத்துக்குப் புதிதல்ல. நம் நாட்டில் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டிலேயே பூச்சியத்துக்கும் எதிர்மறை எண்ணுக்கும் விதி எழுதி, இருபடிச் சமன்பாட்டுக்கும் வழி சொன்னார். பாக்தாத்தில் 9ஆம் நூற்றாண்டில் அல் குவாரிஸ்மி சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முறை தந்தார். எதிர்மறை எண்ணை ஏற்காததால் அத்தனை வகை வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலும் ரொம்ப நாள் வரை வார்த்தையால்தான் கணக்கு எழுதினார்கள். பிரான்ஸின் வியட் எழுத்துகளைக் கொண்டுவந்தார். ஹாரியட் அதை இன்னும் சுருக்கினார். தெரியாத எண்ணுக்கு அவர்கள் அகரவரிசையின் முதல் எழுத்தைப் போட்டார். நாமும் இங்கே அ என்றே வைத்துக்கொள்வோம். வர்க்கம் என்றால் அஅ, கனம் என்றால் அஅஅ. பார்த்தாலே புரிகிறதல்லவா?

மற்றவர்கள் சமன்பாட்டைக் கையில் வாங்கி, இதை எப்படித் தீர்ப்பது என்று கேட்டார்கள். ஹாரியட் இந்தச் சமன்பாடு எப்படி உண்டாயிற்று என்று கேட்டார். நம்ம ஒர்க் ஷாப் பாஷையில் சொன்னால், கியர் பாக்ஸைப் பூட்டத் தெரிந்தவனுக்குப் பிரிக்கவும் தெரியும்.

அ என்ற எண் ப ஆக இருக்கலாம் அல்லது க ஆக இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அ − ப பூச்சியம், அல்லது அ − க பூச்சியம். எது பூச்சியமானாலும் இரண்டின் பெருக்கற்பலன் பூச்சியம்.

(அ − ப)(அ − க) = 0

பெருக்கினால்,

அஅ − பஅ − கஅ + பக = 0

பூட்டியாகிவிட்டது. இப்போது உற்றுப் பாருங்கள். கடைசி உறுப்பு இரண்டு மூலங்களின் பெருக்கல். நடு உறுப்பின் கெழு, குறி மாற்றினால், இரண்டின் கூட்டல். எனவே பிரிக்கும்போது நமக்கு வேண்டியது, பெருக்கினால் கடைசி எண்ணும் கூட்டினால் நடு எண்ணும் வருகிற இரண்டு எண்கள். அவ்வளவுதான் ரகசியம்!

அ² − 9அ + 20 = 0 என்று எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 20, கூட்டினால் 9. 1, 20 சரிவராது. 2, 10 சரிவராது. 4, 5 பொருந்துகிறது. எனவே (அ − 4)(அ − 5) = 0. விடை 4 அல்லது 5. வரைபடம் போட்டால் வளைகோடு கிடை அச்சை வெட்டுகிற இரண்டு இடங்கள் இவைதான். அதனால்தான் இவற்றைச் சார்பின் பூச்சியங்கள் என்கிறோம்.

வலப்பக்கம் ஏன் பூச்சியமே இருக்க வேண்டும்? (அ − 4)(அ − 5) = 6 என்று இருந்தால் என்ன செய்வது? பெருக்கினால் 6 வர 1 × 6, 2 × 3, ½ × 12 என்று எத்தனையோ வழி உண்டு. அ − 4 எது, அ − 5 எது என்று பிடிக்க முடியாது. பூச்சியம் மட்டும்தான் மாட்டிக்கொள்ளும். பெருக்கற்பலன் பூச்சியம் என்றால் இரண்டில் ஒன்று பூச்சியமாகியே தீர வேண்டும். வேறு வழி கிடையாது. ஆகவே அந்த 6ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்து, அ² − 9அ + 14 = 0 என்று ஆக்கி, (அ − 2)(அ − 7) = 0 என்று பிரிக்க வேண்டும். விடை 2, 7. சரிபார்த்தால், 2க்கு (−2)(−3) = 6; 7க்கு 3 × 2 = 6. பொருந்துகிறது.

எல்லாச் சமன்பாடும் இப்படி முழு எண்ணில் பிரியாது. 20க்குப் பதில் 19 போட்டுப் பார்த்தால், 1, 19 தவிர ஜோடி கிடையாது, அதன் கூட்டல் 20. அங்கே சூத்திரத்தைத்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் மூலங்கள் இரண்டு, காரணிகள் இரண்டு என்ற உண்மை அங்கும் மாறாது.

ஹாரியட் இருபடியோடு நிற்கவில்லை. மூன்று காரணிகளைப் பெருக்கி முப்படி, நான்கைப் பெருக்கி நாற்படி என்று பூட்டிக் காட்டினார். எதிர்மறை மூலம் வந்தாலும், எதிர்மறை எண்ணின் வர்க்கமூலம் கலந்த கற்பனை மூலம் வந்தாலும் தள்ளாமல் தன் தாள்களில் எழுதினார்.

எதிர்மறை விடையால் என்ன பயன் என்று கேட்கலாம். ஹாரியட் பீரங்கிக் குண்டு போகும் பாதையையும் ஆராய்ந்தவர். அவருக்குப் பிடித்த துறையிலிருந்தே உதாரணம் சொல்கிறேன். 15 மீட்டர் உயர மாடியிலிருந்து ஒரு பந்தை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால், அ வினாடியில் அதன் உயரம் 15 + 10அ − 5அ². தரைக்கு எப்போது வரும்? உயரம் பூச்சியமாகும்போது. எல்லாவற்றையும் −5ஆல் வகுத்தால் அ² − 2அ − 3 = 0. காரணிகள் (அ − 3)(அ + 1). விடை 3, −1. மூன்றாவது வினாடியில் தரையைத் தொடும். சரி, −1? நாம் எறிவதற்கு ஒரு வினாடி முன்னால் யாராவது தரையிலிருந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்திருந்தால், அந்தப் பந்தும் நம் கைக்கு நேராக வரும்போது இதே வேகத்தில், இதே பாதையில் போயிருக்கும். அடித்துவிட்டுப் போகிற விடையிலும் அர்த்தம் இருக்கிறது, தோழர்களே!

வானத்தை அளந்தவர்

இது ஒன்றே போதும் அவர் புகழுக்கு. ஆனால் அந்தத் தாள்களில் இன்னும் எத்தனையோ. ஒளி காற்றிலிருந்து தண்ணீருக்குள் போகும்போது எவ்வளவு வளைகிறது என்ற சைன் விதியை 1602 வாக்கிலேயே கண்டிருந்தார். நாம் ஸ்நெல் விதி என்று படிக்கிறோம். ஸ்நெல் கண்டது 1621இல். பூச்சியமும் ஒன்றும் மட்டும் வைத்து எண் எழுதும் முறையும், இன்று கம்ப்யூட்டரில் இருக்கிறதே, அவர் தாள்களில் உண்டு. பீரங்கிக் குண்டுகளை எப்படி அடுக்கினால் எத்தனை அடங்கும் என்று ராலேக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். 1606 முதல் ஜெர்மானிய மேதை கெப்ளருடன் கடிதத் தொடர்பு இருந்தது. உருண்டைகளை அடுக்குவது பற்றி 1611இல் கெப்ளர் சொன்ன ஊகத்துக்கு நிரூபணம் கிடைத்தது 1998இல்தான்!

1609 ஜூலை 26 அன்று, அன்றைய ஆங்கில நாள்காட்டிப்படி, ஆறு மடங்கு பெரிதாக்கும் குழாயின் வழியே நிலாவைப் பார்த்து வரைந்தார். தொலைநோக்கியால் பார்த்து வரைந்த நிலாப் படங்களில், தேதியோடு நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையது இதுவே. கலிலியோ வரைந்தது அதே ஆண்டின் இறுதியில். ஆனால் 1610 மார்ச் மாதமே கலிலியோ புத்தகம் போட்டுவிட்டார். உலகம் அவரைக் கொண்டாடியது. ஹாரியட்டின் படம் கட்டுக்குள் போயிற்று. 1610 டிசம்பர் முதல் 1613 ஜனவரி வரை சூரியப் புள்ளிகளை ஏறத்தாழ 200 தடவை வரைந்தார். அதுவும் கட்டுக்குள்தான்.

புகையும் முடிவும்

அமெரிக்காவில் அவர் கண்ட செடிகளில் ஒன்று புகையிலை. உடம்புக்கு நல்லது என்று நம்பித் தன் நூலில் புகழ்ந்தார். தானும் பழகினார். 1610களிலேயே மூக்கில் புண் வந்தது. அது புற்றுநோயாக வளர்ந்து ஆண்டுக்கணக்கில் வதைத்தது. புகையிலையால் புற்றுநோய் வரும் என்று இன்று நமக்குத் தெரியும். பாவம், அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. டீக்கடை ஓரத்தில் நிற்கிற நண்பர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.

1618 அக்டோபர் 29இல் ராலேயின் தலை வெட்டப்பட்டது. ஹாரியட் அந்தக் கூட்டத்தில் நின்று, முதல் எஜமானின் கடைசிப் பேச்சைக் குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்பும் தாள்களோடு இருக்கிறது. 1621 ஜூலை 2 அன்று, லண்டன் திரெட்நீடில் தெருவில், தன்னோடு ரோனோக் வந்த பழைய நண்பர் ஒருவரின் வீட்டில் ஹாரியட் காலமானார். சரியாக 16 நாள் கழித்து நார்தம்பர்லாந்து பிரபு சிறையிலிருந்து விடுதலையானார். பிரபு எழுப்பிய நினைவுச் சின்னமும் 1666 லண்டன் பெருந்தீயில் அந்த மாதா கோயிலோடு அழிந்தது. கோயில் மறுபடி கட்டப்பட்டு, 1780களில் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது இங்கிலாந்து வங்கி நிற்கிறது.

காகிதக் கட்டின் கதை

சாவதற்கு மூன்று நாள் முன்பு எழுதிய உயிலில், தாள்களைச் சரிபார்த்து அச்சிடும் பொறுப்பை நதானியேல் டார்பர்லி என்ற நண்பரிடம் விட்டார். ஆனால் 1631இல் புத்தகத்தை வெளியிட்டவர் வால்டர் வார்னர் என்ற மற்றொரு நண்பர். வார்னர் உழைத்தார், மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியர் எழுதிய வரிசையைக் குலைத்தார். எதிர்மறை மூலங்களையும் கற்பனை மூலங்களையும் விட்டுவிட்டார். அதாவது, நம்ம பந்துக் கணக்கில் 3ஐ வைத்துக்கொண்டு −1ஐத் தூக்கி எறிந்த மாதிரி. ஹாரியட்டுக்குப் புரிந்திருந்தது, அச்சில் வரவில்லை.

1637இல் டேகார்ட் தன் வடிவியல் நூலில் அதே காரணிக் கருத்தை எதிர்மறை மூலங்களோடு வெளியிட்டார். உலகம் அதைப் படித்துத்தான் கற்றது. 1685இல் ஜான் வாலிஸ், இதெல்லாம் எங்கள் ஹாரியட்டிடமிருந்து எடுத்தது என்று ஆங்கிலேயர் சார்பில் சண்டைக்குப் போனார். கையில் இருந்ததோ குறைபட்ட புத்தகம், வழக்கு எடுபடவில்லை.

தாள்கள் எங்கே? பிரபுவின் வாரிசுகளிடம், பெட்வொர்த் மாளிகையில் கிடந்தன. 1784இல் வானியலாளர் வான் சாக் அங்கே போனபோது பழைய கணக்குக் காகிதங்களுக்கு நடுவில் கண்டெடுத்தார். 160 ஆண்டுகளுக்கு மேல் தூக்கம்! அதன் பிறகும் முழுதாக அச்சாகவில்லை. இன்று பெரும்பகுதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 2003இல்தான் ஜாக்குலின் ஸ்டெடால் என்ற கணித வரலாற்றாசிரியர், சமன்பாடு பற்றிய தாள்களை ஹாரியட் எண்ணிட்ட வரிசையிலேயே அடுக்கிப் புத்தகமாக்கினார். இறந்து 382 ஆண்டுக்குப் பிறகு அவருடைய எதிர்மறை மூலங்கள் வெளிச்சத்துக்கு வந்தன.

நமக்குரிய பாடம்

ஹாரியட் பயந்தது நியாயம். அவருக்குச் சிறை இருந்தது, கோடரி இருந்தது. நமக்கு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. இருந்தும் நம்மில் பலர் வகுப்பில் விடை தெரிந்தும் வாய் திறப்பதில்லை. பெரிய இடத்துப் பிள்ளைகள் பேசட்டும், நமக்கு எதுக்கு வம்பு என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறோம். படித்த வீட்டிலிருந்து வராதவனுக்கு இந்தக் கூச்சம் அதிகம் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். பதிவேட்டில் சாதாரணக் குடிமகனின் பிள்ளை என்று எழுதப்பட்டவருடைய சமன்பாட்டை இன்று உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் போடுகிறார்கள். எந்த வீட்டிலிருந்து வந்தோம் என்று கணக்கு கேட்பதில்லை.

மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஆண்டும் இறுதியாண்டு மாணவர்கள் செய்கிற புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் ஒரு பிரதியை, துறைவாரியாக எண்ணிட்டு, நூலகத்தில் எல்லோரும் எடுத்துப் படிக்கும்படி வைக்க ஏற்பாடு செய்யுங்கள். அடுத்து வருகிற தம்பி, தங்கைகள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது. அதில் தோற்றுப்போன சோதனைகளும் இருக்கட்டும், அடித்துவிட்ட விடைகளும் இருக்கட்டும். எந்த −1 யாருக்கு உதவும் என்று யார் கண்டது?

எழுதுவோம், எழுதியதை நாலு பேருக்குக் காட்டுவோம்!